பூட்டுக்கு மேல் பூட்டு

யூமா, அரிசோனா
17 அக்டோபர் 1995, செவ்வாய்

அன்புள்ள மரிசோலுக்கு,

இத்தனை நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். மணி ஒன்றரை. ஜூனி இப்போதுதான் கண்ணை மூடினாள். ஐந்து மாதம் முடிந்துவிட்டது, கீழ்ப்பல் முளைக்கப் பார்க்கிறது, என் கழுத்தைக் கடித்துக்கொண்டேதான் தூங்குவாள். கையெழுத்து கோணலாக இருந்தால் தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொள். அது மட்டும் காரணம் இல்லை. போகப் போக உனக்கே தெரியும்.

உன் எண்ணைக் கேட்டு தொலைபேசி நிலைய விசாரணைப் பிரிவுக்குப் போன் செய்தேன். ஸ்போகேனில் அந்தப் பெயரில் இணைப்பே இல்லை என்றார்கள். ஆகஸ்டில் நீ அனுப்பிய போர்வைப் பார்சலின் அட்டையை நல்லவேளையாகத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். அதன் மூலையில் இருந்த விலாசத்துக்குத்தான் இதை எழுதுகிறேன். போர்வை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இப்போதுகூட அதன் மஞ்சள் ஓரத்தை வாயில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். அதில் நீ குத்தி அனுப்பிய துண்டுச் சீட்டும் என்னிடம் இருக்கிறது. "ஜூனிக்கு. மன்னிச்சிடு" என்று எழுதியிருந்தாய். பிள்ளை பெற்றவளைப் பார்க்கக்கூட வராமல் ஊரைவிட்டுப் போனதற்காக எழுதியிருக்கிறாய் என்று அப்போது நினைத்தேன். இன்று சாயங்காலம் அதை எடுத்து மறுபடி படித்தேன்.

இங்கே வெயில் ஒருவழியாக இறங்கிவிட்டது. வடக்குக் குளிருக்குப் பயந்து இறங்குகிற பனிப்பறவைகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். எட்டாம் தெருவில் மினசோட்டா, டகோட்டா, சஸ்காச்சுவான் எண் பலகைகளோடு டிரெய்லர்கள் நத்தை வேகத்தில் ஊர்கின்றன, கடைகளில் நரைத்த தலைகள் தவிர வேறு தலை தெரிவதில்லை. எங்களுக்கு இதுதான் விற்கிற பருவம். கோல்பி கிடங்கு அறைச் சாமான்களை ஏலம் எடுப்பதற்காக பிளைத்துக்குப் போயிருக்கிறான், நாளை மத்தியானம் வந்துவிடுவான். அவன் இல்லாத இந்த ஒரு ராத்திரிதான் எனக்குக் கிடைத்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததிலிருந்து சொல்கிறேன்.

சந்தையில் வழக்கமான இடத்தில் கடை போட்டிருந்தோம். கோல்பி சாப்பிட பரிட்டோ வாங்கப் போயிருந்தான். ஜூனி மேசைக்கு அடியில் கூடையில் இருந்தாள். வயதான தம்பதி வந்தார்கள். அவர் நெடுநெடுவென்று உயரம், அந்த அம்மாள் அவர் முழங்கை அளவு. அந்த அம்மாள் மேசையிலிருந்த கல்மரப் புத்தகத் தாங்கிகளை எடுத்தாள். கல்லாகிப்போன மரத்தை அறுத்து, கண்ணாடி போலத் தேய்த்த ஜோடி அது. திருப்பி அடியைப் பார்த்தாள். விலை கேட்டாள். பன்னிரண்டு டாலர் என்றேன்.

"பன்னெண்டா? நான் ரெண்டு வாரம் உக்காந்து தேய்ச்சேன்மா. ஒரு இருபதாவது சொல்லக் கூடாதா?"

நான் சிரித்துவிட்டேன், மரிசோல். பேரம் பேசுகிறாள் என்று நினைத்தேன். அவள் அடியில் ஒட்டியிருந்த துணியை என் பக்கம் காட்டினாள். எல்.ஹெச். என்று பேனாவால் எழுதியிருந்தது. லோர்னா ஹால்வர்சன். அவர் பின்னாலிருந்து, "லோர்னா, மெதுவா, குழந்தை தூங்குது" என்றார். கோபமே இல்லாத குரல்.

அவர்களுடையது, நீ வேலை பார்த்த கிடங்கில் சாமான் போட்டுவைக்க வாடகைக்கு எடுத்த நூற்றுப் பதினாலாம் அறை. ஏப்ரலில் ஊருக்குக் கிளம்பும்போதே அக்டோபர் கடைசி வரைக்கும் வாடகையை ரொக்கமாகக் கட்டிவிட்டார்களாம். அவர் பர்ஸிலிருந்து ரசீதை எடுத்து என்னிடம் நீட்டினார். அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம். ஏப்ரல் பதினொன்று, மே முதல் ஆறு மாதம், ரொக்கம். கீழே உன் கையெழுத்து, பக்கத்தில் நீ எப்போதும் போடுகிற குட்டிக் கள்ளிச்செடி.

இரண்டு நாள் முன்னால் கிடங்கு ஆபீஸுக்குப் போய்க் கேட்டார்களாம். உன் பழைய முதலாளி ராய்ஸ் என்ன சொன்னான் தெரியுமா? லோர்னா அவன் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்: "நான் என்னம்மா பண்றது? இங்க ஒரு பொண்ணு இருந்தா. ரொக்கத்தை எல்லாம் சுருட்டிக்கிட்டு ஜூன்ல ஓடிட்டா. நானே ஏமாந்து நிக்கிறேன். சட்டப்படி நோட்டீஸ் அனுப்பினேன், பதில் வரல, ஏலம் விட்டேன்." நோட்டீஸ் போனது அவர்களுடைய டிரெய்லர் பார்க் விலாசத்துக்கு. ஜூன் மாதத்தில் அங்கே பல்லி தவிர யார் இருப்பார்கள்? நீதான் ஒவ்வொருவரிடமும் பச்சை அட்டையில் வடக்கு விலாசத்தையும் கேட்டு எழுதி வைப்பாயே, அந்த அட்டை எங்கே போனது?

இதற்குள் கோல்பி வந்துவிட்டான். ஒரு நொடியில் விஷயத்தைப் புரிந்துகொண்டான், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவர்களும் பெயர் சொல்லவில்லை. பரிட்டோவை என் கையில் கொடுத்துவிட்டு ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "சார், நாங்க பொது ஏலத்துல எடுத்தது. உங்க கஷ்டம் புரியுது. எதுன்னாலும் ஆபீஸ்ல பேசிக்குங்க." புத்தகத் தாங்கிகளைக் காகிதத்தில் சுற்றி லோர்னாவிடம் சும்மாவே கொடுத்தான். அவர் கடைசியாக ஒன்று கேட்டார்: "தம்பி, மத்ததெல்லாம் போகட்டும். கல் அறுக்கிற ரம்ப மெஷின் ஒண்ணு பின்னாடி இருந்துச்சே, அது யார்கிட்ட இருக்கு?"

"அப்படி ஒண்ணும் இல்லியே சார். மெத்தை, நாற்காலி, கிறிஸ்துமஸ் மரம், அவ்வளவுதான்" என்றான் கோல்பி.

அந்த மெஷின் எங்கள் கராஜில் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. ஜூலையிலிருந்து இருக்கிறது. நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன், என் கையில் பரிட்டோ சுட்டுக்கொண்டிருந்தது, நானும் வாயைத் திறக்கவில்லை.

போகும்போது லோர்னா தன் சாவிக் கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி என் மேசையில் வைத்தாள். "இனிமே எங்களுக்கு எதுக்கு இது? எங்க பூட்டை வெட்டிட்டாங்களாமே. என் அப்பாவோட படகுக் கொட்டாயில தொங்கின பூட்டும்மா. நல்ல பித்தளை. எங்கயாவது கண்ணுல பட்டா எடுத்து வை." அடுத்த ஞாயிறு மறுபடி வருவார்களாம். அதற்குள் யாருக்காவது ஏதாவது ஞாபகம் வந்தால் நல்லது, வராவிட்டால் திங்களன்று ஷெரிஃபிடம் போவார்களாம். "கைக்குழந்தைக்காரி வீட்டு வாசலுக்குப் போலீஸை அனுப்ப எனக்குப் பிடிக்கல" என்று அவர் சொன்னார். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார், கோல்பியைப் பார்க்கவில்லை.

வண்டியில் திரும்பும்போது, மெஷின் இல்லை என்று ஏன் சொன்னாய் என்று கேட்டேன். "பின்ன? திருப்பிக் குடுத்துடவா? டெல், நமக்குக் குழந்தை இருக்கு. ஒரு கிழவனோட மெஷினுக்காக நான் ஜெயிலுக்குப் போகணுமா?" என்றான். நான் ஜெயில் என்ற வார்த்தையையே சொல்லவில்லை, மரிசோல். சட்டப்படி ஏலத்தில் எடுத்தவன் எதற்கு ஜெயிலுக்குப் போகிறான்?

அன்றைக்கு ராத்திரி ஜூலை மாத ஏலத்தை மனசுக்குள் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். நீ போய் மூன்று வாரம் இருக்கும். ஏலத்து வழக்கம் உனக்குத் தெரியாததா? பூட்டை எல்லார் முன்னாலும் வெட்ட வேண்டும். கதவைத் தூக்கிய பிறகு ஐந்து நிமிடம் வாசலில் நின்று டார்ச் அடித்துப் பார்க்கலாம், உள்ளே கால் வைக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, எல்லாரும் ஊகத்தில் கேட்கிறார்கள், அதனால்தான் அது ஏலம். நூற்றுப் பதினாலில் முன்னால் தெரிந்தது கறை படிந்த இரண்டு மெத்தை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு செயற்கை கிறிஸ்துமஸ் மரம். மெத்தைகள் சுவர் மாதிரி நிறுத்தியிருந்தன, பின்னால் ஒன்றும் தெரியவில்லை. எல்லாரும் எண்பது டாலரிலேயே நின்றுவிட்டார்கள். கோல்பி எண்பத்தைந்துக்கு எடுத்தான்.

ஆனால் அன்று காலை எங்கள் டிரக்கில் என்ஜின் தூக்கும் கிரேன் இருந்தது. முந்தின நாள் சாயங்காலமே பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி ஏற்றிவிட்டான். தார்ப்பாய் போட்டு மூடியிருந்தாலும் கொக்கி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பல்பொருள் விற்கிற கிழவர் டப் அதைப் பார்த்துவிட்டு, "ஏன்டா கோல்பி, கிரேன் எதுக்கு, மெத்தையைத் தூக்கவா? அவ்வளவு சோம்பேறி ஆயிட்டியா?" என்று கத்தினார். கோல்பி அசரவில்லை. "பிள்ளை பொறந்ததுலேர்ந்து முதுகு போச்சு டப், நீங்க வந்து தூக்கறீங்களா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராய்ஸ் மட்டும் சிரிக்கவில்லை, சட்டென்று திரும்பி கிரேனைப் பார்த்தான், பிறகு கோல்பியை முறைத்தான். அந்த முறைப்பு அன்று எனக்கு அர்த்தமாகவில்லை. பெரிய சாமான் கிடைத்தால் மறுநாள் போய் வாங்கி வருவதுதான் எல்லாருடைய வழக்கமும். பார்க்காத அறைக்கு முன்கூட்டியே கிரேன் கொண்டு வருகிற ஆள் யார்?

கேட்டேன், கேட்காமல் இல்லை. டிரக்கின் கியர் பெட்டியை இறக்குவதற்கு வாங்கியதாம். அந்தக் கியர் பெட்டியை இன்றுவரை யாரும் இறக்கவில்லை.

இன்னொன்றையும் கேள். அந்த அறையின் பூட்டை ராய்ஸ் வெட்டினபோது நான்தான் ஜூனியைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து எடுத்தேன். வெட்டின பூட்டு எதுவாக இருந்தாலும் கோல்பிக்கு வேண்டும், வாளியில் சேர்த்து வைப்பான், வாளி நிறைந்ததும் பழைய உலோகக் கடையில் எடைக்குப் போடுவான். அது புது எஃகுப் பூட்டு. அடியில் கடையின் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது, எண்கள் கறுப்பாகத் தெளிவாக இருந்தன. ராய்ஸ்கூட, "இந்தப் பனிப்பறவைங்க கஞ்சத்தனத்தைப் பாருங்க, உள்ளதிலேயே மட்டமான பூட்டா வாங்கி மாட்டிட்டுப் போறாங்க" என்றான். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை யூமா வெயிலில் தொங்கின காகிதத்தில் எழுத்து நிற்குமா? என் துணிக்கொடிக் கிளிப்புகளே ஒரு மாதத்தில் வெளுத்து நொறுங்குகின்றன. அன்று அது என் மூளையில் ஏறவே இல்லை. நான்கு வருடம் டூசானில் வரலாறு படித்தவள் நான், தேதியையும் ஆதாரத்தையும் ஒத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்துத்தான் பட்டம் தந்தார்கள்.

இன்று காலை கோல்பி கிளம்பியதும் ஜூனியைத் தொட்டிலில் விட்டுவிட்டு கராஜுக்குப் போனேன். வாளியைத் தரையில் கவிழ்த்தேன். வளையம் வெட்டுப்பட்ட பூட்டுகள் அறுபதுக்கு மேல் இருக்கும். பித்தளையாகப் பார்த்துப் பார்த்து லோர்னாவின் சாவியைப் போட்டேன். நுழையவில்லை என்றால் ஓரமாக வைத்தேன். ஒவ்வொன்று நுழையாதபோதும் மனசு கொஞ்சம் லேசாயிற்று. உள்ளே ஜூனி கத்த ஆரம்பித்தாள். இன்னும் இரண்டுதான், முடித்துவிட்டுப் போகலாம் என்று எடுத்தேன். பச்சை ஏறிப்போன பழைய பூட்டு, முதுகில் ஒரு நங்கூரம் பொறித்திருந்தது. சாவி நுழைந்தது. திரும்பியது. வெட்டுப்பட்ட வளையம் டக் என்று எகிறி என் மடியில் விழுந்தது.

ஆக, அந்த அறைக்கு இரண்டு பூட்டு வெட்டப்பட்டிருக்கிறது. இரண்டாவதை எல்லார் முன்னாலும் வெட்டினார்கள். முதலாவதை யாரும் இல்லாதபோது வெட்டி, உள்ளே போய்ப் பார்த்து, மெத்தைகளைச் சுவராக நிறுத்தி, புதுப் பூட்டு மாட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். அப்படி வெட்டின பூட்டை வேறு எவனாக இருந்தாலும் கால்வாயில் எறிந்திருப்பான். அரைக் கிலோ பித்தளையை எறிய மனசு வராத ஒரே ஒருவனை எனக்குத் தெரியும். அவனோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன்.

அவன் கெட்டவன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போன வாரம் ஜூனிக்குக் காய்ச்சல் வந்தபோது விடிய விடிய அவளை மார்பில் போட்டுக்கொண்டு கராஜுக்கும் தெருமுனைக்கும் நடந்தான். ஆனால் அந்தக் கராஜில்தான் தார்ப்பாய்க்கு அடியில் அந்த மெஷின் இருந்தது. கண்ணில் பட்டதை அன்றைக்கே விற்றுவிடுகிற ஆள், அதை மட்டும் பேப்பரில் விளம்பரம் கொடுக்க வேண்டாம் என்றான். பனிக்காலத்தில் கல் பித்துக்காரர்கள் வந்தால் விலை ஏறும் என்றான். வியாழக்கிழமை அதை வாங்க குவார்ட்ஸைட் ஊரிலிருந்து ஒரு ஆள் டிரக்கோடு வருகிறான். அவன் ஏற்றிக்கொண்டு போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரியவர் வந்து கேட்கும்போது, அப்படி ஒன்றும் இல்லை என்பது உண்மையாகவே ஆகிவிடும்.

இன்னொரு பயமும் இருக்கிறது. கோல்பிக்கு அந்தப் பழைய செக் வழக்கு இருப்பதால் விற்பனை உரிமம் என் பெயரில்தான் எடுத்தோம். ஏலச் சீட்டில் எல்லாம் கையெழுத்து என்னுடையது. ஷெரிஃப் வந்தால் முதலில் என் பெயரைத்தான் கூப்பிடுவார். பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவேன்?

இப்போது உன்னிடம் வருகிறேன். உன்னையும் நான் சந்தேகப்படுகிறேன், மரிசோல். ஒளித்து எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய், அதனால் நேராகவே எழுதுகிறேன். அந்தப் பணத்தை நீ எடுத்தாயா? ராய்ஸ் சொல்வதை நான் நம்பவில்லை, அவன் சொல்கிறான் என்பதாலேயே நம்பவில்லை. ஆனால் அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று ஒரே நாளில் கிளம்பினாய், பிரசவத்துக்கு முந்தின வாரங்களில் என் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை. ஒரு நாள் என் வயிற்றில் கை வைத்து, "கோல்பி சாயங்காலத்துல எங்க போறான்னு கேக்கவே மாட்டியா நீ?" என்றாய். நான் வேறு ஏதோ பெண் விவகாரம் என்று நினைத்து இரண்டு நாள் அழுதேன். நீ அப்போது சொல்ல வந்தது இதுதானா? மூடின கிடங்குக்குள் அவனும் ராய்ஸும் டார்ச் அடித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்தாயா? பார்த்துவிட்டுத்தான் ஓடினாயா? அப்படியென்றால் "மன்னிச்சிடு" என்று எழுதினதற்குப் பதில் அதை எழுதியிருக்கலாமே. எழுதியிருந்தால் அந்த ஏலச் சீட்டில் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

இல்லை, நீயும் பங்கு வாங்கினாய் என்றால் அதையும் சொல்லிவிடு. நான் யாரிடமும் கத்த மாட்டேன். எனக்குக் கத்த சக்தி இல்லை. யார் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் நிற்பது என்று தெரிந்துகொள்வேன்.

சாயங்காலம் ஒரு காரியம் செய்தேன். ஜூனியைத் தள்ளுவண்டியில் வைத்து ஹார்டுவேர் கடைக்குப் போய், இருப்பதிலேயே கனமான பூட்டாக ஒன்று வாங்கினேன். வாடகை பாக்கி வைத்தவர்கள் கதவில் நீ ஒரு சிவப்புப் பூட்டு மாட்டுவாயே, அவர்கள் பூட்டுக்கு மேலேயே? வாடகைக்காரன் தன் சாவியைப் போட்டுத் திறந்தாலும் கதவு அசையாது, ஆபீஸுக்கு வந்து பேசியே ஆக வேண்டும். அதே மாதிரி கராஜ் கதவில் கோல்பியின் பூட்டுக்கு மேல் என் பூட்டை மாட்டிவிட்டேன். மெஷின் உள்ளே இருக்கிறது. நங்கூரம் போட்ட பூட்டும் லோர்னாவின் சாவியும் ஜூனியின் டயபர் பையில், அடியில் இருக்கின்றன. அந்தப் பைக்குள் கோல்பி கை விட்டதே இல்லை.

புதுப் பூட்டோடு வந்தது இரண்டு சாவி. ஒன்றைச் சாக்கடையில் போட்டுவிட்டேன். மற்றது இந்த உறைக்குள் இருக்கிறது. பிரித்தவுடன் கீழே விழுந்திருக்கும், தேடிப் பார்.

என்னிடம் சாவி இருந்தால் நாளை மத்தியானம் அவன் ஜூனியைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் நின்று ஒரு வார்த்தை கேட்டாலே கொடுத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். சந்தையில் வாய் திறக்காமல் நின்றவள்தானே. இப்போது கேட்டால், என்னிடம் இல்லை என்று உண்மையே சொல்லலாம். உள்ளே போக வேண்டுமென்றால் அவன் பூட்டு வெட்டுகிற அந்த நீளக் கத்தரியை எடுத்து, நான் பார்த்துக்கொண்டிருக்க, என் பூட்டை வெட்ட வேண்டும். அவன் வெட்டுவானா என்று எனக்குத் தெரிய வேண்டும். வெட்டினால் அதையும் வாளியில் போடுவானா என்றும் பார்க்க வேண்டும்.

இதை விடிந்ததும் விரைவு அஞ்சலில் போடுகிறேன், வியாழன் காலைக்குள் உன் கைக்கு வந்துவிடும் என்றார்கள். வீட்டுக்குப் போன் செய்யாதே. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நாம் முன்பு சேர்ந்து போகிற துணி வெளுக்கும் கடையில் இருப்பேன், அங்கே சுவரில் இருக்கிற போனின் எண்ணை ஒரு சீட்டில் எழுதிச் சாவியோடு வைத்திருக்கிறேன். பேச முடியாது என்றால் எழுது, கடைக்காரி விலாசத்துக்குப் போடு, அவள் எடுத்து வைப்பாள். ரொக்கத்தை நீ ராய்ஸ் கையில் கொடுத்ததற்கு ஏதாவது தாள் இருந்தால் அதை இழக்காமல் வைத்திரு. எனக்கு வேண்டுமானாலும் வேண்டாவிட்டாலும் உனக்கு அது வேண்டியிருக்கும், ராய்ஸ் உன் பெயரை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஜூனி புரண்டு படுக்கிறாள், எழுந்துவிடுவாள் போலிருக்கிறது. உன் அத்தைக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லை என்றால் சீக்கிரம் குணமாகட்டும், இதை மனசாரச் சொல்கிறேன். நீ நன்றாகச் சாப்பிடு, அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் பதில் வேண்டும். எதுவாக இருந்தாலும் சரி, உடனே பதில் போடு.

உன்,
டெலேனி